இடது இறக்கையின் பச்சைக் கட்டங்கள்

சேக்காட்டில் கஜபதியின் வீட்டுக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது இளஞ்சிவப்பு நிறப் போர்விமானம் ஒன்று. இரு கைகளுக்குள் அடங்கிவிடும் மாதிரிதான். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறது. கேபிள் சரிசெய்ய வந்த ஒருவர், "இன்னா சார், பர்த்டே கேக் மேல வெக்கிற பிளேனா?" என்று கேட்டதுண்டு. கஜபதி கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரில், விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் மேகத்துக்கு அடியில் தாழப் பறந்து படம் பிடித்த பிரிட்டிஷ் உளவு விமானங்கள் சிலவற்றுக்கு இந்த நிறத்தைத்தான் பூசினார்கள் என்றும், சிவந்த வானத்தின் கீழ் அது எதிரியின் கண்ணுக்குத் தப்பும் என்று நம்பினார்கள் என்றும் நிதானமாக விளக்கினார். அந்த விளக்கத்தில் ஒரு சொல் பிசகாது. ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. அந்த இளஞ்சிவப்பை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பச்சைக்கும் சிவப்புக்கும் வேறுபாடு தெரியாத கண்கள் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தவை. அது அவருக்கே தெரியவந்தது பள்ளிப்படிப்பு முடிந்து விமானப்படை ஆள்தேர்வுக்காகத் தாம்பரத்துக்குப் போனபோதுதான். ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டார். கடைசியாக மருத்துவர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் நிறைய வண்ணப் புள்ளிகள். நடுவில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். கஜபதிக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை. அடுத்த பக்கத்திலும் தெரியவில்லை. மருத்துவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "ஒசரம் பத்தலயாம்" என்று சொன்னார். அப்போதே அவர் ஆறடிக்கு ஒரு விரற்கடைதான் குறைவு. பிற்பாடு ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். கறுப்புக் கோடும் வெள்ளைத் தாளும் மட்டுமே உள்ள அந்த உலகம் அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது. குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரான அப்துல் ரசாக்குக்கு மட்டும் அந்த உயரக் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை. "மின்விசிறில தல இடிக்குது, இவுருக்கு ஒசரம் பத்தலயாம்! ஏன் மாமே, ஒட்டகத்துக்கு ஆள் எடுத்தாங்களா?" என்று பணி ஓய்வு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். கஜபதி சிரித்து மழுப்புவார்.

மறைக்க முடியாமல் போனது ஒருத்தியிடம்தான். கல்யாணமான புதிதில் ஆவடி மார்க்கெட்டிலிருந்து அவர் தக்காளி வாங்கிவந்தார். சுசீலா பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, அத்தினியும் காயா வாங்கிகினு வந்துகீறீங்க?"

"அவன் போட்டான், எடுத்துகினு வந்தேன்."

மறுவாரமும் அப்படியே நடந்தது. சுசீலா இரண்டு தக்காளிகளை அவர் முன்னால் வைத்தாள். "இதுல எது பழம்?" என்றாள். அவர் கையை நீட்டி அழுத்திப் பார்க்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாம சொல்லுங்க."

அவரால் சொல்ல முடியவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாத, சுசீலா" என்றார்.

"நா ஏன் சொல்லப்போறேன்?" என்றாள் அவள். பட்டாபிராமத்தில் இருந்த பிறந்த வீட்டில்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

விமான மாதிரிகள் செய்யும் பழக்கம் மகன் ஸ்ரீகாந்தால் வந்தது. பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த பெட்டியைப் பிரித்துவிட்டு மகன் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான். தகப்பன் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய நாட்டம் வினோதமான உருமறைப்புப் பூச்சுகளின் பக்கம் முழுவதுமாகத் திரும்பியது. காரணம், ஒரு பழைய பத்திரிகையில் அவர் படித்த ஒரே ஒரு பத்தி. போர்க்காலத்தில் எதிரி மறைத்துவைத்த பீரங்கிகளை வானிலிருந்து கண்டுபிடிக்க நிறக்குருடர்களைப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. மற்றவர்களை ஏமாற்றும் வண்ணம் அவர்களை ஏமாற்றுவதில்லை என்றிருந்தது அதில். அது எவ்வளவு உண்மையென்று அவர் ஆராயவில்லை. தாம்பரத்தில் மூடப்பட்ட புத்தகத்துக்கு அந்தப் பத்தி ஒரு பதிலாகப் பட்டது. அது போதுமானதாக இருந்தது.

அவர்கள் வேலை செய்த முறை வேறெந்த வீட்டிலும் இருந்திருக்க முடியாது. கஜபதி பாகங்களை ஒட்டித் தேய்த்து, பென்சிலால் எல்லைக்கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண்ணை எழுதுவார். வண்ணக் குப்பிகளின் மூடிகளில் சுசீலா பிளாஸ்திரி ஒட்டி அதே எண்களை எழுதிவைத்திருந்தாள். நான்கைந்து மயிரே உள்ள தூரிகையை எடுத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே, எண்ணுக்கேற்ற வண்ணத்தை அவள் நிரப்புவாள். மூன்று என்றால் பச்சை. ஏழு என்றால் இளஞ்சிவப்பு. நாளடைவில் அந்த வீட்டில் நிறங்களின் பெயர்களே வழக்கொழிந்துபோயின. "ஏழாம் நம்பர் பொடவ கட்டிகினு வர்றேன், செருப்ப மாட்டுங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

அப்படித்தான் கண்ணாடி அலமாரி நிறைந்தது. உடல் முழுக்க வளைந்து நெளிந்த கோடுகள் கிறுக்கிய ஜெர்மன் விமானம் ஒன்று. ("இது இன்னா, நூடுல்ஸ கொட்டுனாப்புல?" என்றாள் சுசீலா.) கூர்மையான முக்கோணங்களை மேலும் கீழுமாகப் பூசி அமெரிக்கக் கடற்படை சோதித்துப் பார்த்துவிட்டு, பெரிய பயனில்லை என்று கைவிட்ட ஒன்று. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எதிரி குழம்புவதற்காக, அடிவயிற்றிலும் ஒரு பொய்யான விமானி அறையை வரைந்த ஒன்று. எழுபத்தொன்றில் போர் நெருங்கியபோது நம் விமானத்தளங்களிலேயே அவசர அவசரமாகத் தூரிகையால் பச்சை பூசப்பட்ட மிக் விமானம் ஒன்று. அதைப் பூசும்போது சுசீலா வேண்டுமென்றே தூரிகைத் தடம் தெரியும்படி விட்டாள். அது அவளுக்கே தோன்றிய யோசனை. கஜபதி ஒத்துக்கொண்டார், பாராட்டவில்லை.

அம்பத்தூரைச் சுற்றியுள்ள ஆர்வலர்கள் சேர்ந்து மாதிரி விமானச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் முதல் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் ஓர் அட்டை. 'உருவாக்கம்: கஜபதி, சேக்காடு' என்று அச்சிட்டு வந்த அட்டைகளைச் சுசீலா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஏங்க, எம்பேரையும் ஓரமா ஒரு வார்த்த போடக்கூடாதா?"

"நீ இன்னா பண்ண? மூடியில கீற நம்பரப் பாத்துப் பூசுன."

"அதான் கேக்கறேன். பூசுனது நாந்தான?"

"போட்டா, பெயிண்ட ஏன் சார் நீங்க பூசலன்னு கேப்பாங்க. நா இன்னா சொல்றது? சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அட்டைகளை வரிசையாக அடுக்கி, விமானங்களுக்கு முன்னால் வைத்தாள்.

அதற்கடுத்து அவர்கள் செய்ததுதான் கட்டத்துணி விமானம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் தங்கள் விமானங்களைப் போர்த்துவதற்கு ஒரு துணியை அச்சிட்டார்கள். பல நிறத்தில் பலகோணக் கட்டங்கள் நெருக்கமாகப் பதிந்த துணி. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டங்கள் ஒன்றோடொன்று கலங்கி, விமானத்தின் உருவம் கரைந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கட்டங்களை ஒட்டுத்தாளாகக் கடையில் வாங்கலாம். கஜபதி வாங்க மறுத்தார். மேல் இறக்கை முழுவதும் கட்டம் கட்டமாகப் பென்சிலால் வரைந்து எண் எழுதினார். எழுதியதை ஒரு தாளில் படமாகவும் எடுத்துவைத்துக்கொண்டார். சுசீலா அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளைகளில் பூசினாள். "முடியற வரைக்கும் பாக்க வராதீங்க" என்று அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் சொன்னாள். முடிந்ததும் அவர் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். நீலமும் காவியும் தத்தம் இடங்களில் இருந்தன. மூன்றும் ஏழும் அவருக்கு ஒரே புழுதி நிறம். அங்கே அவளை நம்பினார்.

அந்த ஆண்டுக் கண்காட்சியில் கட்டத்துணி விமானத்தின் முன்னால்தான் கூட்டம். பெண்கள் சுசீலாவைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கஜபதியின் கையைக் குலுக்கி, "சார், நீங்க வேற லெவல்" என்றார். ரசாக் அவரை ஓரமாக இழுத்துப்போனார். "கலக்கிட்ட மாமே. ஆனா ஒன்னால எங்க ஊட்ல எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதயும் பூட்ச்சு."

நாற்காலியிலேயே பொழுதைப் போக்குகிறவர் என்று ரசாக்கை அவர் மனைவி இடித்துரைத்திருப்பாள் என்று கஜபதி நினைத்துக்கொண்டார். சற்றுத் தள்ளி நின்ற சுசீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிறுநீரகக் கோளாறு அவளைக் கொண்டுபோன பிறகு அலமாரி பூட்டிக் கிடந்தது. கஜபதி அதைத் திறக்கவில்லை. அவள் தினந்தோறும் துணியால் துடைத்துவந்த விமானம் அந்தக் கட்டத்துணி விமானம் ஒன்றுதான் என்பதைக்கூட, அதன்மேல் தூசு படியத் தொடங்கிய பிறகே கவனித்தார்.

பிறகு வந்த புயல் மழையில் மாடித் தளத்திலிருந்து நீர் கசிந்து அலமாரிக்குள் இறங்கியது. மற்றவை தப்பின; கட்டத்துணி விமானத்தின் இடது மேல் இறக்கையில் மட்டும், முன்விளிம்பை ஒட்டிப் பாதிவரைக்கும் பூச்சு கொப்பளித்துப் போயிருந்தது. அதே வாரத்தில்தான் ஜெபா தொலைபேசியில் அழைத்தாள். குமணன்சாவடியில் வசிப்பவள்; அம்பத்தூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை; இப்போது சங்கத்தின் செயலாளர்.

"சார், இந்த வருஷம் உருமறைப்புதான் தீம். நீங்க வராம எப்படி சார்? அந்தக் கட்டத்துணி பிளேன் கண்டிப்பா வேணும். அதுக்கு நடு மேச வெச்சிருக்கேன்."

சுசீலா இல்லாத முதல் கண்காட்சி. அவள் கடைசிவரை துடைத்து வைத்திருந்த விமானத்தைக் கொப்பளத்தோடு கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. அவளுக்காக அதைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று உறுதிகொண்டார். இன்னொருவரிடம் கொடுத்துப் பூசச் சொல்லலாம். கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

கரைப்பானில் நனைத்த பஞ்சால் கொப்பளித்த பூச்சைத் துடைத்து எடுத்தார். பழைய படத்தை மேசைமேல் விரித்து, அதே கட்டங்களை மறுபடி வரைந்து, அதே எண்களை எழுதினார். மூடிகளில் சுசீலாவின் கையெழுத்து அழியாமல் இருந்தது. மூன்று என்று இருந்த கட்டத்தில் மூன்றை நிரப்பினார். ஏழு என்று இருந்த இடத்தில் ஏழு. ஒரு கட்டத்தைப் பூசி முடிக்க அவளுக்கு ஆன நேரத்தைப்போலப் பல மடங்கு அவருக்கு ஆனது. அவள் எப்படி இதைப் பேசிக்கொண்டே செய்தாள் என்று வியந்தார். இதை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தார். வேலை முடிந்ததும் படத்தோடு ஒப்பிட்டார். ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. துணையில்லாமலே முடித்துவிட்டோம் என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

கண்காட்சியன்று காலை ரசாக்கின் ஸ்கூட்டரில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனார். "மெதுவா ஓட்டு." "இதுக்கு மேல மெதுவா ஓட்டுனா பின்னாடி போவும், நைனா." மண்டபத்தில் ஜெபா ஓடிவந்து பெட்டியை வாங்கி, தானே திறந்து, விமானத்தை நடுமேசையில் வைத்தாள். சிரித்த முகம் அப்படியே நின்றுபோனது.

"சார், எழுத்த ஏன் சார் அழிச்சீங்க?"

"எந்த எழுத்து?"

"வெளையாடாதீங்க சார். ஆன்ட்டி பேரு. 'சு'."

கஜபதி ரசாக்கைப் பார்த்தார். ரசாக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இறக்கையின்மேல் குனிந்தார். "இன்னா கஜா இது? கீழ கொக்கி மட்டும் கீது. மேல ஒண்ணும் இல்லியே. அய்ய, பாதி பூட்ச்சே!"

"மழத்தண்ணி பட்டுது" என்று தொடங்கினார் கஜபதி. எழுத்து அதில்தான் அழிந்தது என்ற ஒரு பொய்யோடு எல்லாம் முடிந்துபோயிருக்கும். சொல்லத் தயாராகத்தான் வாயைத் திறந்திருந்தார். ஆனால் எந்த எழுத்து, எங்கே, எப்படி என்று கேட்காமல் அவரால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. பொய் சொன்னால் கேட்க முடியாது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "பச்சையும் செவப்பும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுலேந்து. ரசாக்கு, தாம்பரத்துல என்ன ஒசரத்துக்கா தள்ளுனாங்க?"

இத்தனை கால ஒட்டகக் கேலியும் ஒரேயடியாக ரசாக்கின் முகத்தில் வந்து இறங்கியது போலிருந்தது. "அடப்பாவி" என்றார் மெல்ல. "எங்கிட்டகூடவா?"

ஜெபா விரலால் காட்டினாள். துணிக்கட்டங்களில் இளஞ்சிவப்பு எங்கும் சிதறிக் கிடக்க வேண்டும். சுசீலா அப்படிப் பூசவில்லை. இடது இறக்கையில் ஓர் எழுத்தின் வடிவத்துக்குள் மட்டும் மூன்று இருந்த இடமெல்லாம் ஏழைப் பூசி, வடிவத்துக்கு வெளியே ஏழு இருந்த இடமெல்லாம் மூன்றைப் பூசியிருந்தாள். பச்சைக்கு நடுவே ரோஜா நிறத்தில் எழுந்து நின்ற 'சு' எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, ஒருவரைத் தவிர. தாம்பரத்துப் புத்தகத்தைப் பற்றி ஒருமுறை, ஒரே ஒரு முறை, அவளிடம் விவரமாகச் சொல்லியிருந்தது கஜபதிக்கு நினைவு வந்தது.

"இத்தன பேர் பாத்தீங்களே. ஒருத்தர்கூட ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேக்கப் போனேன்யா" என்றார் ரசாக். "தங்கச்சிதான் தடுத்துச்சு. 'அவரு எனக்காகப் போட்டது அண்ணே, கேட்டுடாதீங்க, வெக்கப்பட்டுக்குவாரு'ன்னுச்சு. எங்க ஊட்டுக்காரி அத்தப் பாத்துட்டு, 'கட்னா அந்த மாதிரி ஆளக் கட்டணும்'னு எத்தினி நாளு என்ன வறுத்தெடுத்தா தெரியுமா?"

"என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க சார்" என்றாள் ஜெபா.

தன் பேரை அட்டையில் போடாத மனிதருக்கு, தன் பேரை இறக்கையில் எழுதியவர் என்ற பெருமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கஜபதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஜெபா கைப்பேசியில் பழைய கண்காட்சிப் படத்தைத் தேடி எடுத்தாள். பிறகு அமைப்புகளுக்குள் போய் எதையோ மாற்றினாள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகத் திரையின் வண்ணங்களை மாற்றிக்காட்டும் வசதி ஒன்று அதில் உண்டு. "இப்ப பாருங்க சார்."

புழுதி இரண்டாகப் பிரிந்தது. முன்விளிம்பிலிருந்து இறங்கி, வளைந்து, பின்விளிம்பைத் தொட்டுச் சுருண்டு நின்றது எழுத்து. கஜபதி அதைத் தொட்டுப்பார்க்க விரலை வைத்தார். படம் பெரிதாகி நழுவி, பக்கத்தில் நின்ற சுசீலாவின் முகத்துக்குப் போய்விட்டது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பொடவ இன்னா கலரும்மா?"

"ரோஸ் சார்."

"ஏழு" என்றார்.

ஜெபா படத்தையும் இறக்கையையும் மாறிமாறிப் பார்த்தாள். "சார், போட்டோ இருக்கே. மேல் பாதிய நான் அப்படியே வரஞ்சு தர்றேன். வித்தியாசமே தெரியாது."

"வேணாம்மா. அது ஒன் கையெழுத்தா ஆயிடும்." இறக்கையைப் பார்த்தார். தாம் பூசிய பகுதியும் அவள் பூசிய பகுதியும் அவர் கண்ணுக்கு இப்போதும் ஒன்றுபோலவே இருந்தன. "படத்தப் பாத்து ஒரு கட்டம்கூடத் தப்பாம அழிச்சிட்டேன்" என்றார்.

அட்டை வந்தது. அதே பழைய வாசகம். கஜபதி பேனா கேட்டு வாங்கி, 'வண்ணம்: சுசீலா' என்று அடியில் எழுதினார். எழுதி முடித்ததும் அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் ரசாக்தான் வாங்கி விமானத்தின் முன்னால் நிறுத்தினார்.

அன்று பிற்பகல் வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் அலமாரியைத் திறந்தார். ஜெபா அவருடைய கைப்பேசியிலும் அந்த வசதியை இயக்கிக் கொடுத்திருந்தாள். கேமராவைத் திறந்து, கிறுக்கல் விமானத்தின் மேலிருந்து கீழ்வரை காட்டினார். முக்கோண விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் அறை வரைந்த அடிவயிறு, மிக் விமானத்தின் தூரிகைத் தடங்கள், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் நின்ற இளஞ்சிவப்பு விமானம். எல்லாவற்றிலும் அவர் கொடுத்த எண்கள் கொடுத்தபடியே நிரப்பப்பட்டிருந்தன. மூலை முடுக்கில்கூட ஒரு புள்ளி மீறல் இல்லை.

ரசாக் வாசலில் ஸ்கூட்டர் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். தேநீர் குடிக்கக் கூட்டிப்போக வந்தவர், அவசரப்படுத்தவில்லை. கஜபதி வெளியே வந்ததும் கேட்டார்.

"இன்னா கஜா, வேற எதுலயாவது கீதா?"

"எதுலயும் இல்ல" என்றார் கஜபதி. "அவ கேட்டதும் ஒரு தபாதான்."